ஒருமுறை மட்டும் பயன்படும் எண்

2010 டிசம்பர் கடைசியில் பெர்லினில் ஹேக்கர்களின் வருடாந்திர மாநாடு ஒன்று நடந்தது. அதில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு, சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியின் பூட்டைத் தாங்கள் உடைத்த விதத்தை விளக்கியது. சோனி கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே அந்தக் கருவி ஓட்டும். கையொப்பமிடும் ரகசியச் சாவி சோனியிடம் பத்திரமாக இருந்தது. யாரும் திருடவில்லை, உள்ளிருந்து யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆனாலும் சோனி வெளியிட்ட கையொப்பங்களை வைத்துக் கணக்குப் போட்டே சாவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாகப் பிறக்கவேண்டிய ஓர் எண்ணை, சோனி எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே வைத்திருந்தது. அதைக் கிண்டல் செய்ய மேடைத் திரையில் ஒரு கேலிச்சித்திரம் காட்டினார்கள். ரேண்டம் எண் கேட்டால் எப்போதும் 4 என்று மட்டுமே சொல்லும் குட்டிப் புரோகிராம் அது. முறைப்படி பகடை உருட்டி எடுத்த எண் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு.

பிட்காயினுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. பிளேஸ்டேஷன் பயன்படுத்திய அதே குடும்பத்துக் கையொப்ப முறையைத்தான் பிட்காயினும் பயன்படுத்தியது. அதே கோளாறு அங்கே வந்தால் நேராகப் பணமே போகும். வரத்தான் செய்தது.

பிட்காயின் நல்லதா கெட்டதா, அதில் பணம் போடலாமா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. அதற்குள் இருக்கும் கையொப்பக் கணிதம் அந்த விவாதத்தைவிட அழகானது, வயதிலும் மூத்தது.

பிட்காயின் வாலட்டுக்குள் பிட்காயின் கிடையாது. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் ஒரு பொதுப் பேரேட்டில் இருக்கிறது. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகள் அதன் பிரதிகளை வைத்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வாலட்டில் இருப்பது ரகசியச் சாவி மட்டும். பிரைவேட் கீ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அந்தச் சாவி வெறும் ஓர் எண். 1 முதல், 78 இலக்கங்கள் கொண்ட ஒரு மாபெரும் எண் வரை எதுவாகவும் இருக்கலாம். அதை யாரும் வழங்குவதில்லை, எந்த அலுவலகத்திலும் பதிவு செய்வதில்லை. நம் கணினியே குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. வேறு யாராவது அதே எண்ணை ஏற்கெனவே எடுத்திருப்பார்களோ என்று சரிபார்ப்பதுகூட இல்லை. அவ்வளவு பெரிய வெளியில் இருவர் ஒரே இடத்தில் கால்வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

அந்த எண்ணிலிருந்து பொதுச் சாவி பிறக்கிறது. இதற்கு ஓர் எலிப்டிக் வளைகோடு வேண்டும். பிட்காயினின் வளைகோட்டுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு, செக்பி256கே1. சமன்பாடு என்னவோ பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்: ஓர் எண்ணின் வர்க்கம், இன்னொரு எண்ணின் கனத்தோடு 7 கூட்டியதற்குச் சமம். இதைத் தாளில் வரைந்தால் வழவழப்பான கோடு வரும். நிஜத்தில் ஒவ்வொரு கணக்கின் விடையையும் ஒரு மிகப்பெரிய பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வதால், கோடு சிதறிப்போய்ப் புள்ளிக் கூட்டமாகிவிடுகிறது. அதில் ஒரு புள்ளியைத் தொடக்கமாக எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புள்ளியை அதனுடனேயே, நம் ரகசிய எண் எத்தனையோ அத்தனை முறை கூட்டினால் வந்து சேரும் புள்ளிதான் பொதுச் சாவி.

78 இலக்க எண்ணிக்கையில் கூட்டுவது எப்படிச் சாத்தியம்? இரட்டித்துக்கொண்டே போகலாம். புள்ளியை ஒருமுறை இரட்டித்தால் 2 மடங்கு, மறுமுறை 4, பிறகு 8. பத்தே தாவலில் 1024 மடங்கு. எவ்வளவு பெரிய ரகசிய எண்ணானாலும் 256-க்கு மிகாத இரட்டிப்புகளும் நடுநடுவே சில கூட்டல்களும் போதும், செல்போன் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். ஆனால் வந்து சேர்ந்த புள்ளியைப் பார்த்து, எத்தனை முறை கூட்டினோம் என்று திரும்பிக் கணக்கிட இப்படி ஒரு குறுக்கு வழி யாருக்கும் அகப்படவில்லை. அறியப்பட்ட முறைகளில் மிகச் சிறந்ததற்கே 39 இலக்க அளவில் அடிகள் தேவை. இந்த ஒருவழித் தன்மையை ரகசியக் குறியீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று 1985-இல் நீல் கோப்லிட்ஸும் விக்டர் மில்லரும் தனித்தனியே முன்மொழிந்தார்கள்.

பிட்காயின் அனுப்புவது என்றால் பேரேட்டில் ஒரு வரி எழுதக் கோருவது. 2009 ஜனவரி 12 அன்று, பேரேட்டின் பக்கம் எனத்தக்க 170-ஆவது பிளாக்கில், சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயர்க்காரர் ஹால் ஃபின்னி என்ற கணினி வல்லுநருக்கு 10 பிட்காயின் அனுப்பினார். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய முதல் பிட்காயின் அதுதான். அந்த வரியை இன்றும் படிக்கலாம். 9-ஆவது பிளாக்கை உருவாக்கியதற்காகச் சடோஷிக்குக் கிடைத்த 50 பிட்காயின் அதில் செலவாகிறது. பழைய பதிவைப் பிய்த்துக் கொடுக்க முடியாது, முழுதாகத்தான் செலவழிக்க வேண்டும். அதனால் 10 ஃபின்னிக்கு என்றும், மீதிச் சில்லறை 40 திரும்பச் சடோஷிக்கே என்றும் எழுதியிருக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கையொப்பம். பார்வைக்கு அர்த்தமற்ற எண்களும் எழுத்துகளுமாக இருக்கும். அந்த 50-ஐச் செலவழிக்கும் உரிமை உள்ளவர்தான் இந்த வரியை எழுதினார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. ஆதார் இல்லை, ஓடிபி இல்லை, மேனேஜர் இல்லை.

தாளில் நாம் போடும் கையெழுத்து எந்தப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கும், இருந்தால்தான் வங்கி ஏற்கும். இங்கே நேர்மாறு. வரியில் உள்ள தொகை, பெறுபவர், செலவாகும் பழைய பதிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து ஹாஷ் என்ற கணக்கில் போட்டு ஓர் எண்ணாக்குகிறார்கள். அதைச் செய்தி எண் என்று வைத்துக்கொள்வோம். தொகையில் ஒரு பைசா மாறினாலும் செய்தி எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கையொப்பம் அந்தச் செய்தி எண்ணுக்கென்றே தைக்கப்பட்டது. ஒரு வரியிலிருந்து கழற்றி இன்னொன்றில் ஒட்டினால் செல்லாது.

இனி அந்தத் தையலைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஜெர்மன் கணிதவியலாளர் கிளாஸ் ஷ்னோர் தந்த வடிவம்தான் எல்லாவற்றிலும் எளிது. கையொப்பமிடுபவர் முதலில் ஒரு புதிய ரகசிய எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்கிறார். இந்த ஒரு கையொப்பத்தோடு அதன் ஆயுள் முடிகிறது. அதை ஒருமுறை எண் என்போம். பிறகு ஒரே ஒரு கணக்கு:

விடை = ஒருமுறை எண் + (செய்தி எண் × ரகசியச் சாவி)

சின்ன எண்களில் போட்டுப் பார்ப்போம். ரகசியச் சாவி 17, ஒருமுறை எண் 40, செய்தி எண் 5. விடை 40 + 85, அதாவது 125. இதில் 5-ஐயும் 125-ஐயும் உலகமே பார்க்கலாம். 17-ஐக் கண்டுபிடிக்க முடியுமா? சாவி 16, ஒருமுறை எண் 45 என்றாலும் விடை 125. சாவி 18, ஒருமுறை எண் 35 என்றாலும் 125. எந்தச் சாவியைச் சொன்னாலும் அதற்குப் பொருந்த ஓர் ஒருமுறை எண் இருந்துகொண்டே இருக்கும். சமன்பாடு ஒன்று, தெரியாதவை இரண்டு. பத்தாம் வகுப்பில் படித்ததுதான். இரண்டாவது கையொப்பம் வெளியே வந்தால் இன்னொரு சமன்பாடு கிடைக்கும், ஆனால் கூடவே இன்னொரு புதிய ஒருமுறை எண்ணும் வந்துவிடும். ஆயிரம் கையொப்பங்கள் போட்டால் ஆயிரம் சமன்பாடுகள், தெரியாதவை ஆயிரத்தொன்று. அந்த ஒன்றுதான் சாவி. கடைசிவரை ஒரு சமன்பாடு குறைந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் கையொப்பம் சரியா என்று மற்றவர்கள் எப்படிச் சோதிப்பார்கள்? ஒருமுறை எண்ணை மறைத்து, அதை வளைகோட்டில் ஏற்றினால் வரும் புள்ளியை மட்டும் கையொப்பத்தோடு வெளியிடுகிறோம். ரகசியச் சாவியின் புள்ளி ஏற்கெனவே ஊரறிந்த பொதுச் சாவி. விடையையும் வளைகோட்டில் ஏற்றலாம். மேலே உள்ள சமன்பாடு எண்களுக்குப் பொருந்துமானால் அவற்றின் புள்ளிகளுக்கும் அப்படியே பொருந்த வேண்டும். கூட்டல் அங்கும் கூட்டலாகவே இருக்கிறது, எண்ணுக்குத் திரும்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது. ஆக, இரண்டு எண்களையும் பார்க்காமலே, அவற்றைக் கொண்டு போட்ட கணக்கு சரி என்று யாரும் சொல்லிவிடலாம். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு ஒரு கணம் நின்றுவிடத் தோன்றும்.

இப்போது சோனி செய்ததைச் செய்வோம். அதே சாவி 17, அதே ஒருமுறை எண் 40, வேறு செய்தி எண் 9. விடை 40 + 153, அதாவது 193. முதல் விடை 125. கழித்தால் 68. செய்தி எண்களின் வித்தியாசம் 4. அறுபத்தெட்டை நான்கால் வகுத்தால் 17. அவ்வளவுதான், சாவி கையில். இரண்டிலும் இருந்த 40, கழிக்கும்போது அடிபட்டுப் போய்விட்டது. நிஜ எண்களுக்கு 78 இலக்கம் இருந்தாலும் வேலை இதேதான். சூப்பர் கணினி எதுவும் தேவையில்லை. இன்னும் மோசம், ஒருமுறை எண் திரும்ப வந்திருக்கிறது என்பதைத் தேடக்கூட வேண்டாம். அதன் புள்ளி இரண்டு கையொப்பங்களிலும் ஒரே மாதிரி பளிச்சென்று நிற்கும்.

ஷ்னோர் தன் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். 1991-இல் அமெரிக்க அரசு தரநிலையாக முன்மொழிந்த டிஎஸ்ஏ என்ற கையொப்பத்தின் கணக்கு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு போகும். அதுவும் தன் காப்புரிமைக்குள் வருகிறது என்றே ஷ்னோர் சொல்லிவந்தார். அந்த முறுக்கின் எலிப்டிக் வடிவம்தான் சோனியிடமும் சடோஷியிடமும் இருந்தது. காப்புரிமை 2008-இல் காலாவதியானது. பிட்காயின் ஷ்னோர் முறையையும் ஏற்றுக்கொள்ள 2021 நவம்பர் ஆயிற்று. முறுக்கு எப்படி இருந்தாலும் ஒருமுறை எண்ணின் கதை இரண்டிலும் ஒன்றுதான்.

2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு போன்களின் ரேண்டம் எண் உற்பத்தியில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. குருட்டாம்போக்கில் வரவேண்டிய எண்கள் சில போன்களில் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வந்தன. பயன்படுத்தியவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லவில்லை, போனைத் தொலைக்கவில்லை. பணம் அனுப்பினார்கள், அவ்வளவுதான். பேரேட்டில் ஒரே புள்ளியோடு இரண்டு கையொப்பங்கள் தென்பட்டதும், காத்திருந்த யாரோ கழித்தல் கணக்குப் போட்டார். சுமார் 55 பிட்காயின் போனது. ஆண்ட்ராய்டில் உருவாக்கிய சாவிகளைக் கைவிட்டுப் பணத்தைப் புதிய முகவரிக்கு மாற்றச் சொல்லி அவசர அறிவிப்பு வந்தது.

பெட்டிக்குள் கிடக்கும்வரை சாவிக்குப் பெரிய ஆபத்தில்லை. அதைக் காப்பதில் உள்ள சிரமமெல்லாம் அதை எடுத்துப் பயன்படுத்தும் கணத்தில்தான் இருக்கிறது. போடும் ஒவ்வொரு கையொப்பமும் சாவியைப் பற்றிய ஓர் உண்மையான சமன்பாட்டை அழிக்க முடியாத பேரேட்டில் எழுதிவிட்டுப் போகிறது.

மருந்தும் அதே 2013-இல் வந்தது. ஒருமுறை எண்ணுக்கு ரேண்டம் எண்ணை நம்பவே வேண்டாம். ரகசியச் சாவியையும் செய்தியையும் சேர்த்து ஹாஷ் செய்து வருவதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தாமஸ் போர்னின் எழுதிய ஆர்எஃப்சி 6979 என்ற ஆவணம் வகுத்தது. செய்தி மாறினால் எண் தானாக மாறும். செய்தி மாறாவிட்டால் அதே கையொப்பம்தான் மறுபடி வரும், அதிலிருந்து புதிதாக எதுவும் தெரியாது. சாவி தெரியாதவர்களுக்கு அந்த எண்ணை ஊகிக்கவும் வழியில்லை. இன்றைய உருப்படியான வாலட்கள் இந்த வழியில்தான் போகின்றன.

ஆனால் ஒருமுறை எண் திரும்ப வராமல் இருந்தால் மட்டும் போதாது. அதில் லேசான சாய்வு இருந்தாலும் ஆபத்துதான். 2019-இல் ஜோக்கிம் பிரைட்னரும் நாடியா ஹெனிங்கரும் பேரேட்டில் உள்ள கையொப்பங்களை அலசினார்கள். ஒருமுறை எண்கள் வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தாலோ, ஒரு பகுதி பொதுவாக இருந்தாலோ, பல கையொப்பங்களைச் சேர்த்து வைத்துச் சாவியைப் பிழிந்துவிடலாம். அப்படி நூற்றுக்கணக்கான பிட்காயின் சாவிகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2024 ஏப்ரலில் புட்டி என்ற பிரபலமான மென்பொருளில் வெளிவந்த பிழை இதைவிட விநோதம். சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் மென்பொருள் அது, பிட்காயினோடு சம்பந்தமில்லாதது. அங்கும் ஹாஷிலிருந்துதான் ஒருமுறை எண்ணை எடுத்தார்கள். தேவைப்பட்டது 521 பிட், ஹாஷ் தந்ததோ 512 பிட். முன்னால் இருக்கும் 9 பிட் எப்போதும் பூஜ்யமாகிவிட்டது. ஐந்நூற்று இருபத்தொன்றில் வெறும் ஒன்பது. சுமார் 60 கையொப்பங்கள் சேர்ந்தால் ரகசியச் சாவி வெளியே வந்துவிடும்.

சாவி பிறக்கும்போதே நோயோடு பிறப்பதும் உண்டு. பெரும்பாலான வாலட்கள் இன்று சாவியை 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாகக் காட்டி எழுதிவைக்கச் சொல்கின்றன. 2013-இல் வந்த பிப் 39 என்ற விதி அது. மொத்தம் 2048 சொற்கள் கொண்ட பட்டியல். முதல் நான்கு எழுத்துகளைப் பார்த்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும்படி பொறுக்கியிருக்கிறார்கள். ஜப்பானியம், கொரியம், செக் மொழிகளிலும் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. பன்னிரண்டாவது சொல்லை மட்டும் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. முதல் பதினொன்றும் முடிவான பிறகு 2048-இல் 128 சொற்கள்தான் அங்கே பொருந்தும். எழுதும்போது பிசகினால் பெரும்பாலும் பிடிபட்டுவிட வேண்டும் என்பதற்கான சரிபார்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்தச் சொற்களிலிருந்து ஒரு விதையைச் செய்து, அந்த விதையிலிருந்து எத்தனை சாவி வேண்டுமானாலும் வரிசையாகப் பிறப்பிக்கலாம். ஆகவே பன்னிரண்டு சொற்களைப் பார்த்தவர் மொத்த வாலட்டையும் பார்த்தவர். சரிபார்ப்புக்காகச் சொற்களை உள்ளிடுங்கள் என்று கேட்கும் இணையதளம், தொலைபேசியில் கேட்கும் ‘கஸ்டமர் கேர்’ எல்லாம் திருட்டுதான், விதிவிலக்கே கிடையாது.

சொற்கள் பார்வைக்கு எவ்வளவு கலைந்து கிடந்தாலும் அவற்றை எடுத்த விதம் சரியாக இருக்க வேண்டும். லிப்பிட்காயின் என்ற இலவசக் கருவியில் விதை எடுக்கும் ஒரு கட்டளை இருந்தது. புரோகிராமர்கள் நம்பிப் பயன்படுத்தினார்கள், பேர்பெற்ற பாடநூல் ஒன்றே அதை எடுத்துக்காட்டாகக் காட்டியிருந்தது. அது கணினிக் கடிகாரத்திலிருந்து 32 பிட் மட்டும் எடுத்து எண்களை உருவாக்கியது. வெளியே வருவது 256 பிட் நீளமுள்ள விதையானாலும், உள்ளே சாத்தியங்கள் சுமார் 430 கோடிதான். மனிதனுக்கு அது பெரிய எண். சாதாரணக் கணினிக்குச் சில நாள் வேலை. 2023 ஜூலையில் யாரோ அத்தனையையும் உருவாக்கிப் பார்த்து, பணம் இருந்த வாலட்களை ஒரே மூச்சில் துடைத்தெடுத்தார்கள். கடிகாரம் பூஜ்யத்தில் இருந்தால் வரும் சொல் வரிசை ‘மில்க் சாட்’ என்று தொடங்கும். ஆய்வாளர்கள் அந்தப் பிழைக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். பாலுக்கு என்ன சோகமோ.

திருட்டுக்குப் பயந்து மறைப்பவர்களை மறுபக்கம் மறதி பிடித்துக்கொள்ளும். வேல்ஸில் நியூபோர்ட் நகரத்துக் குப்பைக் கிடங்கில், 2013-இல் தவறுதலாக எறியப்பட்ட ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி புதைந்து கிடப்பதாக அதன் சொந்தக்காரர் சொல்கிறார். கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் போட்ட வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு புரோகிராமர், 7,002 பிட்காயினின் சாவியைப் பத்து முறை தவறாகத் திறந்தால் உள்ளிருப்பதைத் தானே அழித்துக்கொள்ளும் பென்டிரைவில் வைத்துவிட்டு, கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்தார். எட்டு முயற்சிகள் வீணான நிலையில் 2021-இல் அவர் கதை பத்திரிகையில் வந்தது. என்னைக் கேட்டால் சாதாரண மனிதர்களுக்குத் திருடனைவிட இந்த ஆபத்துதான் பக்கத்தில் இருக்கிறது. மூன்று சாவிகளை உருவாக்கி, அவற்றில் எந்த இரண்டு கையொப்பமிட்டாலும் செல்லும் என்று ஏற்பாடு செய்துகொள்வதற்குப் பிட்காயினில் இடமுண்டு. ஒன்று தொலைந்தாலும் பணம் போகாது, ஒன்று திருடு போனாலும் போகாது.

கையொப்பமிடும் கணத்தைக் காப்பதற்கென்றே ஹார்டுவேர் வாலட் பிறந்தது. முதலில் சந்தைக்கு வந்தது 2014-இல் பிராக் நகரத்து டிரெசர். உள்ளங்கையில் அடங்கும் கருவி, ஒரு சின்னத் திரை, இரண்டு பொத்தான். கணினியிலிருந்து கையொப்பமில்லாத வரி உள்ளே போகிறது, கையொப்பம் வெளியே வருகிறது. சாவி உள்ளேயே பிறந்து உள்ளேயே இருக்கும். கணினி முழுக்க வைரஸ் இருந்தாலும் அதற்குச் சாவி அகப்படாது.

அப்படியானால் அந்தச் சின்னத் திரை எதற்கு? வைரஸுக்குச் சாவி கிடைக்காவிட்டாலும் வரியை மாற்ற முடியும். நாம் காப்பி செய்த முகவரிக்குப் பதில் திருடனின் முகவரியை ஒட்டிவிடும் வைரஸ்கள் சகஜம். கணினித் திரை நமக்குக் காட்டுவது ஒன்று, கருவிக்குள் அனுப்புவது வேறொன்று. இதில் நம்பத்தக்க சாட்சி கருவியின் சொந்தத் திரை மட்டும்தான். அதில் வரும் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்துப்போனால் போதும் என்று விடுவது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒத்துப்போகும் போலி முகவரிகளைத் தயாரிப்பதும் திருடர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை எதேரியம் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தின் உலகம் காட்டியது. அங்கே கையொப்பமிடும் வரிகள் சிக்கலானவை, பல நேரம் கருவியின் திரையில் மனிதன் படிக்கக்கூடிய எதுவும் வராது, எண்களின் குவியலைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை நிறுவனத்திலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்து போனது. பல சாவிகளின் கையொப்பம் சேர்ந்தால்தான் திறக்கும் வாலட் அது. திரையில் காட்டப்பட்டதும் உண்மையில் கையொப்பமானதும் வேறுவேறு என்று நிறுவனம் சொன்னது. 2025 பிப்ரவரி 21 அன்று துபாயின் பைபிட் என்ற கிரிப்டோ சந்தையில் நடந்ததும் அதே பாணி, தொகை மட்டும் சுமார் 150 கோடி டாலர். அவர்கள் பயன்படுத்திய இணையப் பக்கத்தின் நிரலைத் திருடர்கள் மாற்றியிருந்தார்கள். வட கொரியாவின் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. சாவிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. உரிமையாளர்களே தங்கள் கையால் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கிரிப்டோ நாணயம் சட்டப்படி ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, வாசிர்எக்ஸ் வாடிக்கையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில்தான். நீதிமன்றத்தால் சொத்து யாருடையது என்று சொல்ல முடியும். பேரேட்டுக்கு அந்தக் கேள்வியே கிடையாது, சமன்பாடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும்.

கையொப்பத்தோடு இன்னொன்றும் வெளியே வருகிறது. வழக்கமான பழைய வகை முகவரி பொதுச் சாவியின் ஹாஷ்தான், பொதுச் சாவி அதற்குள் மறைந்திருக்கும். முதல் முறை செலவழிக்கும்போதுதான் அது பேரேட்டில் வெளிப்படும். வளைகோட்டின் ஒருவழிப் பாதையைத் திரும்பி நடக்கும் முறையை, குவாண்டம் கணினி இருந்தால், பீட்டர் ஷோர் 1994-லேயே எழுதிவைத்துவிட்டார். அந்த அளவுக்குப் பெரிய கணினி இன்னும் இல்லை. வந்தால் முதலில் ஆபத்துக்குள்ளாவது, பொதுச் சாவி ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்ட பணம். தொடக்க நாட்களில் சடோஷி சம்பாதித்தவையும் அதில் சேரும். ஒரு முகவரியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்று விவரமறிந்தவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த குரூரமான தந்திரம். ஹார்டுவேர் வாலட்டே துரோகியாக இருந்தால்? இணையத்தோடு இணைக்கவில்லை, யுஎஸ்பிகூட இல்லை, கேமராவால் கியூஆர் கோடு படித்து, கையொப்பத்தையும் கியூஆர் கோடாகவே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரகசியம் எப்படி வெளியே போகும்? கையொப்பத்துக்குள் உட்கார்ந்துகொண்டு போகும். 2024 ஆகஸ்டில் ‘டார்க் ஸ்கிப்பி’ என்ற பெயரில் மூன்று ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். கெட்ட மென்பொருள் ஏற்றிய கருவி, ஒருமுறை எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்காமல், விதைச் சொற்களின் ஒரு பாதியையே ஒருமுறை எண்ணாக வைக்கிறது. அடுத்த கையொப்பத்தில் மறுபாதி. எண் குட்டையானது என்பதால், அதன் புள்ளியிலிருந்து எண்ணுக்குத் திரும்பி நடப்பது சாத்தியமாகிவிடுகிறது. இரண்டே கையொப்பங்களில் பன்னிரண்டு சொற்களும் பொதுப் பேரேட்டில் ஏறிவிடும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் திருடன் படித்துக்கொள்ளலாம். கையொப்பமோ முழுக்கச் செல்லும். எந்தச் சோதனையிலும் பிழை தெரியாது.

இதற்கும் மாற்று இருக்கிறது. ஒருமுறை எண்ணைக் கருவி தனியாகத் தேர்ந்தெடுக்க விடக் கூடாது. கருவி முதலில் தான் எடுத்த எண்ணின் புள்ளியைச் சொல்லிக் கட்டுப்பட்டுக்கொள்கிறது. பிறகு கணினி தன் பங்குக்கு ஒரு ரேண்டம் எண்ணைக் கொடுக்கிறது. இரண்டையும் கலந்து வருவதே உண்மையான ஒருமுறை எண். கணினிக்கு அந்த எண் தெரியாது, ஆனால் தன் பங்கு அதில் சேர்ந்திருக்கிறதா என்று புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். கருவிக்கு எண் தெரியும், ஆனால் அதை வளைக்கும் வாய்ப்பு போய்விட்டது. இருவரும் கூட்டுச் சேர்ந்தால் ஒழிய ரகசியம் கசியாது. பிட்பாக்ஸ்02, ஜேட் போன்ற சில கருவிகளில் இந்த ஏற்பாடு டார்க் ஸ்கிப்பிக்கு முன்பிருந்தே இருக்கிறது. வாங்கப்போகிறவர்கள் கடைக்காரரிடம் திரையின் அளவைக் கேட்பதோடு இதையும் கேட்கலாம். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.